மதலையர் மூளைப் பிணியும் முதல் நாழிகையும்

(நம் சங்கத்தின் செங்கம் கிளைக் கூட்டத்தில் குழந்தை வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தை வைத்தியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன் என்பதொன்றைத் தவிர, இப்பேரவையின் முன் நின்று பேசுதற்கு எனக்கு வேறு தகுதியில்லை. கல்வியைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பேச வல்லார் நம்மில் பலர் உளர். ஆயினும் நம் காரியதரிசி அவர்கள், "வீட்டில் குழந்தைக்கு இசிவு கண்டால் நம்மவர் இன்னது செய்வதென்று அறியாமல் கலங்குகின்றனர், அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆணையைத் தலைமேற்கொண்டு வந்திருக்கிறேன். குற்றங் குறை காணின் பொறுத்தருள்க.

குழந்தைக்கு இசிவு என்றவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று அஞ்சவேண்டா. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அவருள் 2 பேர் முதல் 5 பேர் வரை, காய்ச்சல் ஏறும்போது ஒரு முறையேனும் இசிவு காண்கின்றனர். அது பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே அடங்கும். குழந்தை விழித்துத் தாயை நோக்கும். பின்னாளில் அதனால் அறிவுக்குக் குறைவு நேர்வதில்லை. ஆனால் இச்சாதாரண இசிவுகளின் கூட்டத்திலேதான் அரிய மூளைப் பிணிகளும் கலந்து வருகின்றன. இரண்டும் ஒரே வாயில் வழியாக, ஒரே நள்ளிரவில், ஒரே கோலத்தில் வைத்தியசாலைக்குள் நுழைகின்றன. அவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இன்றைய பொருள்.

முதலில் என் பிழை ஒன்றை ஒளியாமல் சொல்லுகிறேன். யான் புதிதாய்ப் பணியேற்ற காலம். விடிவதற்குச் சற்று முன்பு மூன்று வயதுக் குழந்தை ஒன்றை இசிவோடு கொண்டுவந்தனர். உடம்பில் காய்ச்சல் இல்லை. இசிவை அடக்கும் மருந்தை ஊசிவழிச் செலுத்தினேன், இசிவு நின்றது, குழந்தை அயர்ந்து கிடந்தது. மருந்தின் மயக்கம் என்றே கருதினேன். அக்குழந்தையின் பாட்டி கதவருகே நின்று, "ராத்திரி ஒண்ணும் உண்ணாம தூங்கிடுச்சுங்க ஐயா" என்று இரண்டு முறை சொன்னாள். யான் அவளை வெளியே நிற்கும்படி கூறினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தபின் வயது முதிர்ந்த தாதி ஒருவர் வந்து, "சர்க்கரை பார்த்தாயிற்றா, ஐயா?" என்று பணிவோடு கேட்டார். பார்க்கவில்லை. விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. சர்க்கரை நீர் ஏற்றிய சிறிது நேரத்தில் குழந்தை கண் திறந்தது. உயிர் நின்றது, ஆனால் வலக்கையின் வலிமை முழுதும் திரும்பவில்லை, பேச்சும் நெடுநாள் தாழ்த்தே வந்தது. அப்பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்திலேயே நோயின் திறவுகோல் இருந்தது. கேட்கும் பொறுமைதான் எனக்கு இல்லை.

அன்று முதல் நான் கற்றுக்கொண்டதும், இன்று உங்களுக்குச் சொல்ல வந்ததும் ஒன்றே. அரிய மூளைப் பிணியை முதன்முதல் காண்பவர் வைத்தியர் அல்லர், வீட்டார். அவர் கண்டதை ஒழுங்காகச் சொல்லவும், வைத்தியர் அதனைச் செவிசாய்த்துக் கேட்கவும் செய்தால், பெயர் தெரியாத நோயிலும் பிழைக்கும் வழி பிறக்கும். முற்காலத்தார் 24 நிமிஷத்தை ஒரு நாழிகை என்றனர். மூளை நோயுற்ற குழந்தைக்கு அம்முதல் நாழிகையே பெரும்பொழுது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1989-இல் பிரிக்கப்படுமுன் நம் செங்கமும் அடங்கியிருந்த பழைய வட ஆற்காடு ஜில்லாவிலேயே அது நிகழ்ந்தது. 1955-ஆம் ஆண்டில் இந்த ஜில்லாவிலிருந்தும் அண்டையிலுள்ள ஆந்திர நாட்டுப் பகுதிகளிலிருந்தும் காய்ச்சலும் இசிவும் நினைவிழப்புமாகக் குழந்தைகள் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தனர். அங்கே குழந்தை வைத்தியத் துறையிலிருந்த டாக்டர் வெப் என்பாரும் டாக்டர் ஷீலா பெரைரா என்பாரும் அக்குழந்தைகளின் நோய்க் குறிகளைப் படுக்கையருகிலிருந்து நோக்கி, இது பூச்சிக் கடியால் பரவும் வைரஸ் மூளைக்காய்ச்சலாகும் என்று கணித்தனர். புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் வொர்க் என்பாரும் டாக்டர் கீர்த்தி ஷா என்பாரும் இரத்தத்தைச் சோதித்து, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வகை என்று காட்டினர். இரு சாராரின் கட்டுரைகளும் 1956-இல் வெளிவந்தன. ஜப்பான் தேசத்தில் 1871 முதல் அறியப்பட்டு, 1924-இல் 6,000 பேருக்கு மேல் பீடித்து, 1935-இல் கிருமி பிரித்தறியப்பட்ட அந்நோய், இந்திய மக்களிடையே முதன்முதல் இனங்காணப்பட்டது நம் ஜில்லாவின் குழந்தைகளிடத்தேதான்.

அந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவதன்று. நெல்வயலில் தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் என்னும் கொசு, பன்றியிடமும் கொக்கு நாரை முதலிய நீர்ப்பறவைகளிடமும் உள்ள கிருமியைக் குழந்தைக்குக் கொண்டுவருகிறது. கிருமி புகுந்தவரில் மிகச் சிலருக்கே மூளை தாக்குண்ணும். அவ்வாறு தாக்குண்டவருள் 10 பேரில் 3 பேர் வரை இறக்கின்றனர். எஞ்சியோரிலும் பலர்க்குக் கை கால் முடக்கமோ அறிவு மந்தமோ தங்கிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்து இன்றளவும் இல்லை. தடுப்பூசி உண்டு. 2005-இல் உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இந்நோய் கொண்டுபோனபின், 2006 முதல் நோய்ப் பகுதியென்று குறிக்கப்பட்ட ஜில்லாக்களில் சர்க்கார் அதனைப் போட்டு வருகிறது. அப்பகுதிகளில் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்தபின் ஒன்றும், 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையே மற்றொன்றும் இலவசமாகவே போடுகின்றனர். உங்கள் கிராமச் சுகாதாரத் தாதியைக் கேட்டு, போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கோரக்பூரிலேயே மற்றொரு படிப்பினையும் கிடைத்தது. தடுப்பூசி வந்த பின்னரும் அங்கே மழைக்காலந்தோறும் குழந்தைகள் மூளைக்காய்ச்சலால் இறந்துகொண்டிருந்தனர். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தாரும் பிறரும் ஆராய்ந்தபோது, அவ்வாறு வந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் நோய் இருந்தமை தெரியவந்தது. புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது அது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் விலை குறைந்த மருந்துகளால், மூளையைத் தாக்குமுன் எளிதில் தீர்க்கத்தக்கது. வேலூரைச் சுற்றிய நாட்டிலும் அந்நோய் உண்டு. கடித்த இடத்தில் பீடி சுட்ட வடுப்போல் கரிய பொருக்கு ஒன்று சிலர்க்கு இருக்கும்; வலி இல்லாததனால் யாரும் கவனியார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் காதின் பின்புறத்திலும் அது ஒளிந்திருக்கும். ஆதலின் ஐந்து நாளாய்க் காய்ச்சல் விடாத குழந்தையின் உடையை முழுதும் களைந்து, விளக்கொளியில் தேடிப் பார்க்கவேண்டும். தாயும் பார்க்கலாம், வைத்தியர் பார்த்தே தீரவேண்டும். சவ்வாது மலையடிவாரத்தில் விறகுக்கும் ஆடு மேய்க்கவும் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இதனை நினைவில் வைக்க.

காய்ச்சலே இல்லாமல் வரும் மூளைப் பிணியும் உண்டு. பீகார் மாகாணத்து முஸாபர்பூரில் 1995 முதல் ஆண்டுதோறும், லிச்சிப் பழம் பழுக்கும் வைகாசி ஆனி மாதங்களில், நேற்று மாலை ஓடி விளையாடிய குழந்தை இன்று விடியலில் இசிவுகொண்டு நினைவிழப்பது வழக்கமாயிற்று. பலர் அதனைக் கிருமி நோய் என்றனர். சிலர் வெயிலின் கொடுமை என்றனர். வேலூரில் கிருமியியல் துறையை வளர்த்த டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்களும், முஸாபர்பூர்க் குழந்தை வைத்தியர் டாக்டர் அருண் ஷா அவர்களும் வீட்டாரை விசாரித்தனர். குழந்தைகள் வறியவர் வீட்டுப் பிள்ளைகள், உடல் மெலிந்தவர்கள், பகலெல்லாம் தோப்பில் விழுந்த பழத்தைத் தின்று, இரவு உணவு கொள்ளாமல் உறங்கியவர்கள். லிச்சியிலுள்ள ஒரு நஞ்சு, உணவில்லாத உடம்பு தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை ஆக்கும் தொழிலைத் தடுத்துவிடுகிறது. ஜமைக்காத் தீவில் அக்கி என்னும் கனியின் முற்றாத காயைத் தின்றவர்க்கு வரும் வாந்தி நோயும் இவ்வினத்ததே.

2014-இல் அங்கே இரண்டு பெரிய மருத்துவமனைகளில் சேர்ந்த குழந்தைகள் 390 பேர். இறந்தோர் 122 பேர். இரத்தம் சோதிக்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கு மேற்படவில்லை. இவ்வாராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. வந்தவுடன் சர்க்கரை பார்த்து ஏற்றுவதும், இரவில் குழந்தையை உண்ணாமல் உறங்கவிடாதிருப்பதும் ஆகிய இரண்டே அந்நோய்க்குப் பெருமருந்து என்பது தெளிவாயிற்று. ஆயினும் 2019-இல் மறுபடி அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அறிந்தது வேறு, அறிந்ததை ஒவ்வொரு சிற்றூர் வைத்தியசாலை வரை கொண்டுசேர்ப்பது வேறு என்பதற்கு இதனினும் துக்கமான சான்று வேண்டா.

நம் நிலத்தில் லிச்சி இல்லையென்று நிம்மதி கொள்ளலாகாது. பேயாவரை என்றும் பொன்னாவரை என்றும் வழங்கும் செடி தரிசிலும் பாதையோரத்திலும் தானே முளைப்பது. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் சிறு பிள்ளைகள் திடீரென்று வாந்தியெடுத்து, நினைவிழந்து, ஓரிரு நாளில் இறந்தமைக்குக் காரணம் இச்செடியின் காய்களைத் தின்றதே என்று டாக்டர் விபின் வசிஷ்டர் அவர்களும் ஜேக்கப் ஜான் அவர்களும் 2007-இல் எடுத்துக்காட்டினர். மூளை, ஈரல், தசை ஆகிய மூன்றையும் அந்நஞ்சு தாக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. "பிள்ளை எந்தக் காயைத் தின்றது?" என்று யாரும் கேளாதவரையில் அதுவும் மூளைக்காய்ச்சல் என்றே கணக்கில் எழுதப்பட்டது. ஆகையால் சிறு பிள்ளைகளைச் செடி கொடிகளின் காயை வாயில் வைக்காதபடி காக்க. தின்றதாக ஐயமுண்டானால் அக்காயையும் இலையையும் மடியில் முடிந்து வைத்தியரிடம் கொண்டுபோக.

கைக்குழந்தையின் பிணி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை, உறங்கி எழும்போது தலையை முன்னே குனிந்து, கைகளைச் சட்டென்று விரித்து மடக்கும், ஒரு நொடி, மறுபடி அதே செயல், பத்து இருபது முறை தொடரும். வீட்டார் மாந்தம் என்பர். வயிற்று வலி என்பர். 1841-இல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரிலிருந்த வெஸ்ட் என்னும் வைத்தியர், தம் சொந்தக் குழந்தையிடம் இதனைக் கண்டு, லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகைக்கு எழுதினார். சலாம் வைப்பதுபோல் இருத்தலின் சலாம் இசிவு என்றும், பின்னர் அவர் பெயராலேயே வெஸ்ட் நோய் என்றும் அது வழங்கலாயிற்று. தகப்பன் ஒருவன் தன் மகனைக் கூர்ந்து நோக்கியதனால் உலகம் அறிந்த நோய் அது. அக்காலத்தில் அவருக்கு மருந்து கிடைக்கவில்லை. இக்காலத்தில் மருந்துகள் உள. ஆனால் வாரங்கள் தாழ்ந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சி தாழ்கிறது. முன்பு சிரித்த குழந்தை சிரிப்பதை மறந்தால், பார்த்த குழந்தை முகம் பார்ப்பதை விட்டால், அது பெரிய எச்சரிக்கை. கைப்பேசியில் அச்செயலைப் படம்பிடித்துக் காட்டுங்கள். வைத்தியர் எதிரே குழந்தை அமைதியாய் இருக்கும். படமே அப்போது சாட்சி.

இனிச் செய்யத்தக்கதும் தகாததும் கூறுவேன்.

இசிவு கண்டவுடன் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பற்களுக்கிடையில் கரண்டியோ விரலோ நுழைக்கவேண்டா. வாயில் நீரோ மருந்தோ வார்க்கவேண்டா. அது மூச்சுக்குழலில் இறங்கும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதனால் இசிவு நிற்பதில்லை; தானே நிற்கும் இசிவுக்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. வயிற்றில் சூடு இழுப்பது கொடுமை. அதனால் புண்ணும் காலதாமதமும் அன்றி வேறு பயனில்லை. ஐந்து நிமிஷத்தில் இசிவு அடங்காவிடினும், அடங்கியபின் குழந்தை நினைவு திரும்பாவிடினும், அன்றே மறுபடி இசிவு வந்தாலும், காய்ச்சலின்றி இசிவு வந்தாலும், கழுத்து விறைத்தாலும், கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்தாலும், முகம் ஒருபுறம் கோணினாலும், கால்கள் திடீரெனத் துவண்டாலும், ஒரு கணமும் தாழாமல் 108 என்னும் எண்ணை அழையுங்கள். மந்திரிப்பவரிடம் போகவேண்டுமென்று மனம் விரும்பினால், வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்து போங்கள். போகும் வழியில் இறங்கவேண்டா.

வைத்தியரிடம் ஐந்து செய்திகளைச் சொல்லுங்கள். கடைசியாக நன்றாயிருந்தது எத்தனை மணிக்கு? கடைசியாக உண்டது என்ன, எப்போது? காய், பழம், மாத்திரை, பூச்சி மருந்து ஏதேனும் கைக்கு எட்டியதா? இசிவு எந்தப் பக்கத்தில் தொடங்கி எவ்வளவு நேரம் நின்றது? நேற்றுச் செய்துகொண்டிருந்த எதனை இன்று குழந்தை செய்யவில்லை? இவ்வைந்தும் அழுகைக்கு நடுவே மறந்துபோகும். ஆதலின் உடன் வருபவர் ஒருவர் எழுதிக்கொள்க.

இளம் வைத்தியர்களும் தாதிகளும் இங்கே இருப்பதனால் அவர்கட்கும் ஒரு வார்த்தை. மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் காத்தவுடனே சர்க்கரை பாருங்கள். தாழ்ந்திருந்தால் 10 சதவீதச் சர்க்கரை நீரை எடைக்கேற்ற அளவில் ஊசிவழி கொடுங்கள். ஊசிவழி உடனே வாய்க்காத சிற்றூரில், இசிவு அடங்கிய குழந்தைக்கு ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை இரண்டொரு துளி நீரால் நனைத்து நாக்கின் கீழ் வைத்து, அருகிலிருந்து கவனித்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் சுகாதாரப் பணியாளர்க்குக் கூறிய முறை. நினைவின் படியை எழுதுங்கள்: விழித்திருக்கிறதா, அழைத்தால் விழிக்கிறதா, வலிக்கு மட்டும் அசைகிறதா, எதற்கும் அசைவில்லையா. அரை மணிக்கொருமுறை எழுதினால், படி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நோயின் பெயர் நாளை வரட்டும். தாழ்ந்த சர்க்கரை, மூளையுறைச் சீழ், மலேரியா, உண்ணிக் காய்ச்சல் என்னும் தீர்க்கத்தக்க நோய்களை இன்றே நினைத்து மருந்திடுங்கள். கதவருகே நிற்கும் பாட்டியை உள்ளே அழையுங்கள்.

சங்கத்துக்கு என் விண்ணப்பம் இரண்டு. கிளைதோறும் இளைஞர் இருவரும் பெண்மணிகள் இருவரும் முதலுதவிப் பயிற்சி பெற ஏற்பாடு செய்க. நான் சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, அங்கத்தினர் வீடுதோறும் சமையலறைச் சுவரில் ஒட்டச் செய்க. நம் சாதியார் வீடு என்று மட்டும் நில்லாமல், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், மலைமேலுள்ள ஊர்களுக்கும் அத்தாள் போகட்டும். கொசுவும் உண்ணியும் குலம் கேட்பதில்லை.

செங்கத்தைச் சுற்றிலும் பழைய நடுகற்கள் பல நிற்கின்றன. ஆநிரையைக் காத்து உயிர்விட்ட வீரர்க்கு ஊரார் எடுத்தவை அவை. ஊரின் செல்வத்தைக் காப்பது ஊராரின் கடன் என்று நம் முன்னோர் கருதினர். குழந்தைகளினும் பெரிய செல்வம் ஓர் ஊருக்கு உண்டோ? அவர்களைக் காக்க இன்று யாரும் உயிர் கொடுக்கவேண்டுவதில்லை. இரவில் ஒரு பிடி சோறூட்டி உறங்கவைத்து, நோய் கண்டால் நேரத்தைக் குறித்து, கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும்.